ஊறினால் போதாது, ராஜ்மா கொதிக்க வேண்டும்

ராஜ்மாவை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்து, வெங்காயம், வெள்ளரி, எலுமிச்சைச் சாறு சேர்த்து வேகவைக்காமலே சாப்பிடுகிற பழக்கம் பரவிக்கொண்டு வருகிறது. ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், காலை அவசரத்தில் டிபன் பாக்ஸ் கட்டுகிறவர்கள் என்று பலரிடமும் இதைப் பார்க்கிறேன். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் வருவது ஒரே பதில்: "கொண்டைக்கடலை, பாசிப்பயறெல்லாம் ஊறவெச்சு பச்சையாத்தானே சாப்பிடறோம்?"

கொண்டைக்கடலைக்கு நடப்பது ராஜ்மாவுக்கு நடக்காது. பச்சை ராஜ்மா நச்சு. ஊறிய ராஜ்மாவும் நச்சுதான். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி பிடித்துக்கொள்கிறது. வீட்டில் எலுமிச்சையைச் சந்தேகப்படுகிறார்கள், தண்ணீரைச் சந்தேகப்படுகிறார்கள், ராஜ்மாவை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. மறுநாள் மிச்சத்தை இன்னொருவர் சாப்பிடுகிறார். வெளியில் வாங்கிய சாலட் டப்பாவில் உடம்புக்கு வந்தவர்கள் கதை வேறு. டப்பா, பில், பாக்கெட் எல்லாவற்றையும் குப்பைவண்டியில் போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வந்து "கேஸ் போடலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டு தவறுகளும் தவிர்க்கக் கூடியவை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம் இருக்கிறது. பச்சைச் சிவப்பு ராஜ்மாவில் இதன் அளவு 20,000 முதல் 70,000 யூனிட் வரை. நன்றாக வெந்தபின் 200 முதல் 400 வரைதான். வெள்ளை ராஜ்மாவில் சிவப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. நாலைந்து பச்சை விதைகளே ஒருவரை வாந்தியில் தள்ளப் போதும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கையேடு எழுதியிருக்கிறது. முதலில் குமட்டல், கடும் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. பெரும்பாலானவர்கள் சில மணி நேரத்தில் தேறிவிடுகிறார்கள். தேறிவிடுவதால்தான் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுகிறார்கள்.

2006-இல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, உடல் இளைக்க வழி என்று சொல்லி, வெள்ளை ராஜ்மாவைச் சில நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவிச் சாப்பிடச் சொன்னது. நம்பிச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வாந்தி வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இன்று நம் கைப்பேசியில் ஓடும் அரை நிமிட வீடியோக்கள் அதே வேலையைச் செய்கின்றன. வீடியோ போடுகிறவருக்கு "ஊறவைத்த ராஜ்மா" என்பதற்குப் பக்கத்தில் "வேகவைத்த" என்று ஒரு சொல் சேர்க்க என்ன தடை?

அரைவேக்காடு இன்னும் மோசம். 80 டிகிரி அளவில் சூடாக்கி நிறுத்தினால் நச்சுத்தன்மை பச்சை விதையில் இருப்பதைவிட 5 மடங்கு வரை கூடலாம் என்று அதே கையேடு எச்சரிக்கிறது. இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பாத்திரங்களை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, மின்சார ஸ்லோ குக்கர். அதன் உள்ளே கொதிநிலை வராமலே பயறு மெத்தென்று ஆகிவிடும். இன்னொன்று, தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட தெர்மல் குக்கர். ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு உள்ளே வைத்து மூடிவிட்டால் சோறு வெந்துவிடும், சரி. ராஜ்மாவை அப்படிச் செய்யாதீர்கள். அடுப்பில் முழுதாகக் கொதித்து முடிந்த ராஜ்மாவைச் சூடு ஆறாமல் வைக்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

சரியான முறை இதுதான். குறைந்தது 5 மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க ஊறட்டும். வெயில் காலத்தில் ஊறும் பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லையென்றால் காலையில் நுரை கட்டிப் புளித்திருக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து போய்விடும் என்று அந்தத் தண்ணீரிலேயே வேகவைக்கும் பாட்டிமார் இருக்கிறார்கள், மரியாதையோடு மறுத்துவிடுங்கள். புதுத் தண்ணீர் விட்டுத் தளதளவென்று கொதிக்க வேண்டும், 30 நிமிடம். நச்சு அழிய 10 நிமிடக் கொதி போதும் என்றாலும், நடுவில் இருக்கும் விதை வரை சூடு ஏறியதா என்று நமக்குத் தெரியாது, அதற்குத்தான் மீதி நேரம். குக்கரில் வைத்தால் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். குக்கருக்குள் 120 டிகிரி அளவுக்குச் சூடு ஏறுவதால் அதுவே நம்பகமான வழி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் திறந்த பாத்திரத்தை நம்ப வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், பயறு வேக நேரம் கூடும். அங்கே குக்கர்தான்.

வெந்ததா என்று பார்க்க ஒரு விதையை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்குங்கள். தோலும் பருப்பும் ஒன்றாக மசிய வேண்டும். நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளையாக, நறநறவென்று ஒரு புள்ளி நின்றால் வேகவில்லை. ஒன்று மட்டும் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்காதீர்கள். பழைய சரக்கும் புதுச் சரக்கும் கலந்த பாக்கெட்டில் ஒன்று மசியும், பக்கத்தில் இருப்பது கல்லாக இருக்கும். ஐந்தாறு விதைகளை வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். எலுமிச்சை, தக்காளி, புளி எதையும் வேகும்போது சேர்க்கக் கூடாது. புளிப்பு பட்டால் தோல் இறுகிக்கொள்ளும், எவ்வளவு நேரம் வைத்தாலும் உள்ளே வேகாது.

இவ்வளவும் செய்தால் அவசரச் சாலட் எங்கே என்று கேட்பீர்கள். அவசரம் கலக்கும்போது இருக்கட்டும், வேகவைக்கும்போது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ வேகவைத்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வாரம் முழுக்கப் பத்து நிமிட வேலை. நாலு பேருக்கு, உலர்ந்த அளவில் 200 கிராம் ராஜ்மா அல்லது கொண்டைக்கடலை, அல்லது இரண்டும் பாதிப்பாதி. வெந்தால் அரைக் கிலோவை ஒட்டி வரும். பயறைச் சூடாக்கி, சூடு இருக்கும்போதே உப்பு, மிளகுத்தூள், ஒரு எலுமிச்சையின் சாறு, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் புரட்டுங்கள், ருசி உள்ளே இறங்கும். ஆறியதும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், வெள்ளரி, விதை நீக்கிய தக்காளி, கிடைக்கும் காலத்தில் கிளிமூக்கு மாங்காய், கொத்தமல்லி. மேலே வறுத்த வேர்க்கடலை. வயிறு நிறைய வேண்டுமென்றால் வேகவைத்த உருளைக்கிழங்கோ ஒரு முட்டையோ சேர்த்துக்கொள்ளலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேறெதுவும் தேவைப்படாது.

பூண்டு பிடிக்கும் என்றால் அன்றைக்குத் தட்டி அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள், நரம்புகளை முடக்கும் போட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமி வளரும். 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் வைத்த பூண்டால் 36 பேர் அந்த நோயில் விழுந்தார்கள். உப்பிய டின்னிலும் இதே கிருமியின் பயம்தான். டின் பயறு வாங்குகிறவர்கள் கவனிக்க: டின்னில் அடைத்த ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, கழுவிவிட்டு அப்படியே சாப்பிடலாம். ஆனால் மூடி உப்பியிருந்தால், விளிம்பு நசுங்கியிருந்தால், திறக்கும்போது சீறிக்கொண்டு வந்தால் ஒரு துளிகூட நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. "கெட்டுப்போச்சான்னு ருசி பாரு" என்று பிள்ளைகளிடம் நீட்டாதீர்கள். கண் மங்கல், பொருள் இரண்டாகத் தெரிதல், இமை தொங்குதல், விழுங்கச் சிரமம், இதில் எது வந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்கு.

முளைகட்டிய பயறு பற்றி ஒரு வார்த்தை. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையில் வந்த ஈ.கோலை கிருமி ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. விதை முளைக்கத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் தோதானவை. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு முளைப்பயறை ஆவியில் வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். கலந்த சாலட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். நம் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

இனி வாங்கும் இடம். உதிரியாக வாங்கும் பச்சைப் பட்டாணி கண்ணைப் பறிக்கும் பச்சையில் இருந்தால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு பிடி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் சாயம் பிரிந்து நின்றால் கலப்படம். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தொகுப்பு எண், காலாவதித் தேதி, தயாரித்தவர் அல்லது பொதியிட்டவர் முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் இருக்க வேண்டும். உரிம எண் உண்மையா என்று 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் அடித்துப் பார்க்கலாம். டின்னில் மொத்த எடையோடு நீர் வடித்த எடையும் இருக்க வேண்டும். 400 கிராம் டின்னில் பயறு 240 கிராமை ஒட்டித்தான் இருக்கும், அதைப் பார்த்து விலையைக் கணக்கிடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் தராமல் இழுத்தடிப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் இல்லாதவருக்காக யாராலும் எதுவும் செய்துதர முடிவதில்லை. பில்லை வாங்கி வையுங்கள்.

யார் பொறுப்பு என்பதிலும் தெளிவு வேண்டும். கடையில் வாங்கிய நல்ல ராஜ்மாவை வீட்டில் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டு வாந்தி எடுத்தால் கடைக்காரர் மேல் வழக்கு நிற்காது. பொருளைத் தவறாகப் பயன்படுத்தினால் விற்றவர் பொறுப்பல்ல என்று சட்டமே சொல்கிறது. உணவகமோ கேன்டீனோ ஆன்லைன் சமையலறையோ அரைவேக்காட்டு ராஜ்மாவைச் சாலட் என்று விற்றால் பொறுப்பு அவர்களுடையது. உப்பிய டின், சாயம் பூசிய பட்டாணி, புழுத்த பாக்கெட் என்றால் விற்றவரும் தயாரித்தவரும் பதில் சொல்ல வேண்டும்.

உடம்புக்கு வந்துவிட்டால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல். வாந்தியில் ரத்தம், சிறுநீர் குறைதல், நிற்காத வாந்தி, குழந்தை சோர்ந்து தொங்குதல் என்றால் தாமதிக்காமல் மருத்துவமனை. அங்கே சீட்டில் 'ஏ.ஜி.ஈ.' (திடீர் வயிற்றுக் குடல் அழற்சி) என்று மூன்றெழுத்து எழுதி ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். அதோடு திரும்பாதீர்கள். "என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது, உணவு நஞ்சு என்று சந்தேகம்" என்ற நாலு விவரமும் சீட்டில் ஏற வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்டால் எழுதுவார்கள், கேட்காவிட்டால் எழுத மாட்டார்கள். நோயாளி என்ன சாப்பிட்டார் என்று கேட்கக்கூட நேரமில்லாத புறநோயாளிப் பிரிவுகளைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் சொல்கிறேன், அந்தச் சீட்டு ஒன்றுதான் பின்னால் உங்கள் பக்கம் பேசும்.

மிச்ச உணவை எறியாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், எறியாதீர்கள். சுத்தமான டப்பாவில் மூடி, தேதி நேரம் எழுதி ஒட்டி ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள், யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடாதபடி. பாக்கெட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுங்கள். தொகுப்பு எண் தெளிவாக விழ வேண்டும். ஆன்லைனில் வாங்கியதென்றால் ஆர்டர் விவரம் இருக்கும் திரையையும் படமெடுத்து வையுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதில்தான் ஆட்கள் அலைகிறார்கள். நகராட்சிக்குப் போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தைக் காட்டுவார்கள், அங்கே போனால் காவல் நிலையத்தைக் காட்டுவார்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபின் இது உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை. உங்கள் பகுதிக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் உண்டு, அவருக்கு மேல் மாவட்ட நியமன அலுவலர். மனுவை நியமன அலுவலர் பெயருக்கே எழுதுங்கள். தமிழ்நாட்டில் துறையின் வாட்ஸ்அப் எண் 9444042322. அதிலும் படங்களோடு அனுப்புங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் எழுத்து மனுவும் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் போட்டுத் தரச் சொல்லுங்கள். "வெச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்பார்கள். ஒப்புகை இல்லாமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். தர மறுத்தால் அன்றே ஒப்புகை அட்டையோடு விரைவு அஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

மனுவில் கதை வேண்டாம். வாங்கிய கடை, தேதி, நேரம், பில் எண், தொகுப்பு எண், சாப்பிட்டவர்கள் எத்தனை பேர், யார் யாருக்கு எப்போது என்ன ஆனது, இப்போது என்ன கேட்கிறீர்கள். கடைசி வரி முக்கியம்: "அதே தொகுப்பு எண்ணுள்ள பொருளிலிருந்து சட்டப்படி மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டுகிறேன்." ஏனென்றால் நீங்கள் பிரித்துச் சாப்பிட்ட டப்பாவை மட்டும் வைத்து எதிர்த்தரப்பு எளிதில் தப்பிவிடும். அலுவலர் முறைப்படி எடுத்த மாதிரியை அப்படித் தட்டிவிட முடியாது. உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும்.

அலுவலர் அசையவில்லையா? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு வாங்குபவருக்கே நேரடி உரிமை தருகிறது. கட்டணம் கட்டி நீங்களே அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகம், கோவை, மதுரை, சேலம், தஞ்சை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் ஆய்வகங்கள் உள்ளன. பொருள் விதிக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதில் ஒரு நிபந்தனை உண்டு, இதை அறியாமல்தான் பலரும் திரும்பி வருகிறார்கள். ஆய்வுக்கு அனுப்பப் போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டிலிருக்கும் பாதி பாக்கெட் இந்தப் பிரிவுக்கு உதவாது. அதே கடைக்குச் சாட்சியோடு போய், அதே தொகுப்பு எண்ணில் இன்னொரு பாக்கெட் எடுத்து, "இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று சொல்லி, முடிந்தால் எழுதியும் கொடுத்து, பில் வாங்கிப் பிரிக்காமல் கொண்டுபோங்கள்.

இழப்பீடு தனி வழி. உணவால் பாதிப்பு நேர்ந்தால் அதே சட்டத்தின் 65-ஆவது பிரிவு, உயிர் போனால் குறைந்தது 5 லட்சம், கடும் காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை தரச் சொல்கிறது. இது போக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, சாலட் டப்பா எப்படியும் அதற்குள்தான். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழி தாக்கல் செய்யலாம், வழி கேட்க 1915 எண்ணுக்குப் பேசலாம். சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகும், மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு போங்கள்.

கெடுவைத் தவறவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்ற நடவடிக்கைக்குப் பொதுவாக 1 ஆண்டு, உணவுப் பாதுகாப்பு ஆணையர் காரணம் எழுதி அனுமதித்தால்தான் 3 ஆண்டு வரை நீளும். அலுவலகத்தில் மனு தூங்குகிறது என்று நீங்களும் தூங்கிவிட்டால் அந்த ஓராண்டு ஓடிவிடும். மனு கொடுத்த முப்பதாம் நாளே, மாதிரி எடுத்த தேதி என்ன, அறிக்கை வந்ததா, நகல் எங்கே என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். அவர் 30 நாளில் பதில் தர வேண்டும்.